கேமில் வரும் காவலாளிக்கு எவ்வளவு அறிவு வேண்டும்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: செம்பனைத் தோட்டத்தில் நடப்பதாகத் தான் உருவாக்கும் வீடியோ கேமில், காவலாளி ஒவ்வொரு தடவையும் ஆடுபவர் நகர்த்தும் பையனைப் பிடித்துவிடுகிறான், என்ன செய்வது?

தம்பி, உங்கள் காவலாளிக்குப் பையன் இருக்கும் இடம் எப்போதும் தெரிகிறது. அதுதான் சிக்கல். முதலில் அவன் பார்வைக்கு ஓர் எல்லை வையுங்கள். மரம் மறைத்தால் தெரியக்கூடாது. அப்புறம் மூன்று நிலை போதும்: ரோந்து, துரத்தல், தேடல். பையன் மறைந்ததும், கடைசியாகக் கண்ட இடத்துக்குப் போய்ச் சுற்றிப் பார்க்கட்டும். கிடைக்காவிட்டால் ரோந்துக்குத் திரும்பட்டும். நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். கண்ணாமூச்சியில் தேடுகிறவன் காய்ந்த மட்டைக் குவியல் பக்கத்தில் வந்து நின்று திரும்பிப் போவானே, அந்த நொடியில்தான் நெஞ்சு படபடக்கும். உங்கள் கேமிலும் அது வர வேண்டும்.

1980இல் வந்த பேக்-மேன் என்ற கேமில் பேய்கள் நம்மைத் துரத்தும். அதில் சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு, நாம் போகும் திசையில் 4 கட்டம் முன்னால் குறிவைக்கும். ஆரஞ்சு, 8 கட்டத்துக்குள் நெருங்கினால் தன் மூலைக்கு ஓடிவிடும். எல்லாம் சின்னச் சின்ன விதிகள்தான். சேர்ந்து வரும்போது நம்மைச் சுற்றி வளைக்கிற மாதிரியே இருக்கும்.

இன்னொன்று, பையனைக் கண்டவுடன் காவலாளியைப் பாயவிடாதீர்கள். அரை நொடி நின்று, "டேய்!" என்று குரல் கொடுத்துவிட்டு ஓடட்டும்.