நரம்பியல் இளங்கலைப் பட்டம்: கடனுக்கு ஏற்ற சம்பளம் கிடைக்குமா?

படித்து முடிக்கும்போது நிற்கும் மொத்தக் கல்விக் கடனை முதல் ஆண்டுச் சம்பளத்தால் வகுத்தால் வருவதுதான் கடன்-வருமான விகிதம். 1-க்குக் கீழே இருந்தால் பொதுவாகச் சமாளிக்கலாம். அமெரிக்காவில் 27,000 டாலர் கடன், 6 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 300 டாலர் கட்ட வேண்டும். சம்பளம் ஆண்டுக்கு 36,000 டாலர் என்றால் விகிதம் 0.75. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரிக்கு முந்தைய சம்பளத்திலேயே பத்தில் ஒரு பங்கு தவணைக்குப் போய்விடும்.

நரம்பியலில் தொடக்கச் சம்பளம் ஏன் குறைவாகத் தெரிகிறது? பட்டத்தோடு நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் ஆய்வக உதவியாளர் போன்ற வேலைகள்தான். நிறையப் பேர் மருத்துவமோ முனைவர் பட்டமோ படிக்கப் போய்விடுகிறார்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' தளம் படிப்புவாரியாகச் சம்பளத்தையும் கடனையும் தருகிறது. மேற்படிப்பில் இருப்பவர்களை அந்தச் சம்பளக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாதி வழியில் இறங்கியவர்களை மட்டும் கேட்டு, பேருந்து எவ்வளவு தூரம் போகும் என்று முடிவுகட்டுவது மாதிரி. அதனால் எந்தப் பாதை என்பதை முதலில் தீர்மானியுங்கள். முனைவர் படிப்பில் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு; மருத்துவம் என்றால் கடன் பல மடங்காகும்.

மேற்படிப்பின்போது தவணை நிற்பதால் கடனும் அப்படியே நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். மானியமில்லாத அரசுக் கடனுக்கு (படிக்கும் காலத்து வட்டியை அரசு ஏற்காத கடன்) அப்போதும் வட்டி ஏறும், 27,000 டாலருக்கு 6 சதவீதத்தில் ஆண்டுக்கு 1,620 டாலர்.