முதல் நாளில் வாய் திறக்காத மாணவர்கள்

40 பேர் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னால், பாதிப் பேர் முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தன் முறை எப்போது வருமோ என்ற பதற்றத்தில் மற்றவர் பேசுவது காதிலேயே விழாதுங்க.

இருவர் இருவராகப் பிரித்துவிடுங்கள். ஆளுக்கு 3 நிமிடம் பேட்டி. அப்புறம் பக்கத்து ஜோடியோடு சேர்ந்து நால்வராகி, தன்னைப் பற்றி இல்லாமல் தன் ஜோடியைப் பற்றிச் சொல்லட்டும். கூச்சம் அங்கேதான் கரையும். 'சமீபத்தில் என்ன புதிதாகக் கற்றுக்கொண்டாய்?' மாதிரி கேள்விகளை நீங்களே கொடுங்கள். பெற்றோரின் வேலை, வீட்டு நிலைமை பற்றிய கேள்விகள் வேண்டவே வேண்டாம், சில பிள்ளைகளுக்கு வலிக்கும்.

முன்னால் சொன்னவர்களின் பெயர்களையெல்லாம் அடுக்கும் பெயர்ச் சங்கிலியும் நல்லதுதான். ஆனால் ஒரு குழுவில் 8 பேருக்கு மேல் வேண்டாம், கடைசிப் பிள்ளை பாவம். மறந்தால் மற்றவர்கள் எடுத்துக்கொடுக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.