525 மடங்கிலும் கொடி தெரியவில்லையே!

கேள்வி: மகனுக்கு 70 மி.மீ. டெலஸ்கோப் வாங்கினேன். பெட்டியில் '525 மடங்கு' என்று போட்டிருக்கிறது. நிலாவில் ஆம்ஸ்ட்ராங் நட்ட கொடியைத் தேடினோம். பெரிதாக்க ஆக்க மங்கல்தான் கூடுகிறது. லென்ஸ் பழுதா?
- ஒரு வாசகர், ஆம்பூர்.

பதில்: பாவம், லென்ஸைத் திட்டாதீர்கள். ஆசை காட்டியது பெட்டி. இதே மாதிரி ஒரு எண்ணை நம்பி, மூன்று ராத்திரி மொட்டை மாடியில் கொசுக்கடி வாங்கியவன் நான்.

உங்கள் டெலஸ்கோப்பின் குவியத் தூரம் (முன் லென்ஸிலிருந்து பிம்பம் விழும் இடம் வரை) அநேகமாக 700 மி.மீ. கூடவே, கண் வைத்துப் பார்க்கிற 4 மி.மீ. ஐபீஸும், அது காட்டுவதை இன்னும் மூன்று மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸும் தந்திருப்பார்கள். 700-ஐ 4-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கினால் 525. கணக்கு சரிதான். ஆனால் அது மோரில் தண்ணீர் விடுகிற வேலை. சொம்பு நிறையும், அவ்வளவுதான்.

ராத்திரி நெடுஞ்சாலையில் தூரத்து லாரி ஒற்றைக் கண்ணோடு வரும். நெருங்கியதும் அது இரண்டு விளக்காகப் பிரியும். அப்படிப் பிரித்துக் காட்டும் சக்திக்குப் பெயர் பிரிதிறன். அதைத் தீர்மானிப்பது முன் லென்ஸின் விட்டம், அதாவது உங்களுடைய அந்த 70 மி.மீ. ஒளி ஓர் அலை. வட்டத் துளைக்குள் நுழையும்போதே கொஞ்சம் விரிந்துவிடும். எவ்வளவு உயர்ந்த லென்ஸானாலும் நட்சத்திரம் புள்ளியாக விழாது, குட்டித் தட்டாகத்தான் விழும். விட்டம் சிறுத்தால் தட்டு பெரிதாகும். பக்கத்துப் பக்கத்துத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்ட பிறகு ஐபீஸ் என்ன செய்யும்? அந்தக் குழப்பத்தைத்தான் பெரிதாக்கும்.

19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் டாஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். இன்றைய அளவில், 116-ஐ மி.மீ. விட்டத்தால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 1.66 ஆர்க் செகண்ட் வரும். அதைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகள் பிரிந்து தெரியாது. (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் செகண்ட்.) நிலாவின் தூரத்தில் அது மூன்று கிலோமீட்டர். கொடியின் நீளமோ ஒன்றரை மீட்டர்! அதன் ஒரு முனையை மறுமுனையிலிருந்து பிரித்துக் காட்டவே சுமார் 140 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி வேண்டும். காவலூர் வானாய்வகத்தின் வைணு பாப்பு டெலஸ்கோப்பே 2.34 மீட்டர்தான். விண்வெளி டெலஸ்கோப் ஹப்பிள் 2.4. போதாததற்கு நம் தலைக்கு மேலே காற்று வேறு, எரியும் அடுப்புக்குப் பின்னால் தெரியும் சுவர் போல நெளிந்துகொண்டிருக்கிறது. 2009 முதல், மனிதர்கள் நிலாவில் இறங்கிய இடங்களைத் தெளிவாகப் படம் எடுத்த நாசா விண்கலம்கூட நிலாவையே சுற்றிவந்துதான் எடுத்தது. அப்புறம், அவர்கள் திரும்பிக் கிளம்பும்போதே அந்த முதல் கொடி சாய்ந்துவிட்டது என்று ஆம்ஸ்ட்ராங்கோடு இறங்கிய ஆல்ட்ரினே சொல்லியிருக்கிறார்!

சரி, பார்லோவை டப்பாவில் போட்டு மூடுங்கள். 70 மி.மீ.க்கு 140 மடங்குதான் உச்சம். 10 மி.மீ. ஐபீஸ் இருந்தால் 70 மடங்கு கிடைக்கும். சனியின் வளையம் அதிலேயே தெரியும். நிலாவைப் பௌர்ணமியில் பார்க்காதீர்கள், நிழலே இருக்காது. வளர்பிறை தசமி, ஏகாதசி வாக்கில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டுப் பக்கம் திருப்புங்கள். அங்கே கோப்பர்நிக்கஸ் பள்ளம், 93 கி.மீ. அகலத்தில். அதன் நடுவில் எத்தனை மலை நிற்கிறது என்று மகனை எண்ணச் சொல்லுங்கள்.