ஃபோல்க்ஸ்விர்ட்ஷாஃப்ட்ஸ்லேர: நீளமான சொல்லுக்குள் ஒரு வீட்டுக்காரர்

பொருளாதாரப் படிப்புக்கு ஜெர்மனில் ‘ஃபோல்க்ஸ்விர்ட்ஷாஃப்ட்ஸ்லேர’ என்று ஏன் இவ்வளவு நீளமான பெயர், அதன் வேர் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம், பின்னாலிருந்து பிரித்தால் சுலபம். மண்பானை என்றால் அது பானைதானே, அதேபோல ஜெர்மன் கூட்டுச்சொல்லிலும் கடைசியில் நிற்பதுதான் தலை. இங்கே அது ‘லேர’, அதாவது போதனை, நாம் ‘இயல்’ சேர்க்கிற இடம். முதலில் வரும் ‘ஃபோல்க்’ மக்கள். நடுவில் வரும் இரண்டு ‘ஸ்’களும் வெறும் பசை, தனிப் பொருள் கிடையாது.

மிச்சமுள்ள ‘விர்ட்ஷாஃப்ட்’தான் சொல்லின் உயிர். ‘விர்ட்’ என்பவர் வீட்டுக்காரர், வந்தவருக்குச் சோறு போட்டு இடம் கொடுப்பவர். விடுதி நடத்துபவர் ‘காஸ்ட்விர்ட்’, விவசாயி ‘லாண்ட்விர்ட்’, உயிரியலில் ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிருக்கும் ‘விர்ட்’ என்றுதான் பெயர். பழைய உயர் ஜெர்மனில், அதாவது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஜெர்மனில், ‘விர்ட்ஷாஃப்ட்’டுக்கு விருந்து, விருந்தோம்பல் என்று பொருள் இருந்தது. அப்புறம் வீட்டை நடத்துவது, வரவு செலவு பார்ப்பது என்று விரிந்து கடைசியில் நாட்டின் பொருளாதாரம் வரை வந்துவிட்டது, ஆனாலும் பழைய பொருள் சாகவில்லை: பவேரியாவில் ஒரு கிராமத்தில் போய் ‘விர்ட்ஷாஃப்ட்’ எங்கே என்று கேட்டால் சாப்பாடும் பீரும் கிடைக்கிற இடத்துக்குத்தான் வழி சொல்வார்கள். ஜெர்மன் படிக்க ஆரம்பித்த புதிதில் இது தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், அன்று முழுக்க அகராதியை மூடவே மனம் வரவில்லை. ‘எகனாமி’க்கு மூலமான கிரேக்கச் சொல்லும் வீட்டு நிர்வாகத்தைத்தான் குறித்தது.

சரி, ‘ஃபோல்க்’குக்கு வருவோம். இதை ‘மக்களுக்கான பொருளாதாரம்’ என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள், அது தவறு. ஒரு தனி வீட்டின், ஒரு தனி நிறுவனத்தின் கணக்காக இல்லாமல் நாடு முழுவதற்குமான கணக்கு என்பதுதான் கருத்து. இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வியன்னாவின் பொருளாதார அறிஞர் கார்ல் மெங்கர் 1871-ல் எழுதிய தன் முக்கியமான நூலின் தலைப்பிலேயே இந்தச் சொல்லை வைத்தவர், ஆனால் 1883-ல் வந்த அடுத்த நூலில், நாட்டை ஒரே பெரிய குடும்பம் போலப் பார்க்கக் கூடாது, எண்ணற்ற தனி மனிதர்களின் முயற்சிகள் சேர்ந்த விளைவுதான் அது என்று வாதாடினார். எனக்கு அவர் சொன்னதுதான் சரி என்று படுகிறது. வேர்ச்சொல் வீட்டைக் காட்டுகிறது என்பதற்காக நாட்டை வீடாக நினைத்துவிட முடியாது.

பேச்சில் முழுச் சொல்லையும் மாணவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை, V, W, L என்ற எழுத்துகளை ஜெர்மனில் உச்சரிப்பதுபோல ‘ஃபௌ-வே-எல்’ என்று சுருக்கிவிடுவார்கள். ‘பே-வே-எல்’ என்று காதில் விழுந்தால் அது வணிக நிர்வாகப் படிப்பு, அதற்குள்ளும் இதே ‘விர்ட்’ இருக்கிறார்.