வேதாகமத்தில் கடவுள் ஒருவரைத் தம் பணிக்கு அழைக்கும் 'அழைப்புக் கதைகள்' எல்லாம் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன? எப்படி வாசிப்பது?

மோசே, கிதியோன், எரேமியா மூவரும் அழைக்கப்படுவது ஒரே அச்சில்தான். வேதாகம ஆய்வாளர் நார்மன் ஹேபல் 1965-இல் அதை ஆறு பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார்: கடவுள் எதிர்ப்படுதல், அறிமுகப் பேச்சு, கட்டளை, மறுப்பு, உறுதிமொழி, அடையாளம். நியாயாதிபதிகள் 6:11-17-இல் ஆறும் தெளிவாக இருப்பதால் கிதியோனிலிருந்து தொடங்குங்கள். அடுத்து யாத்திராகமம் 3, 4. பிறகு எரேமியா 1:4-10.

ஆறையும் அடையாளம் கண்டதோடு நின்றுவிடக் கூடாது. அச்சு எங்கே வளைகிறது என்பதுதான் முக்கியம். அதற்கு மறுப்பை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். அதை வெறும் தாழ்மை என்று கடந்துபோவது பெரிய இழப்பு. பின்னால் வரப்போகும் கதை அதில்தான் விதைக்கப்படுகிறது. தன் குடும்பம் எளியது, தான் சிறியவன் என்கிறான் கிதியோன். அடுத்த அதிகாரத்தில் அவனுடைய 32,000 பேர் 300 ஆகக் குறைக்கப்படுகிறார்கள். பேசத் தெரியாது என்கிற எரேமியாவின் வாயைத்தான் கடவுளின் கை தொடுகிறது.

மோசே ஐந்து முறை மறுக்கிறார் (3:11, 3:13, 4:1, 4:10, 4:13). முதல் நான்குக்கும் பொறுமையான பதில் கிடைக்கிறது. ஐந்தாவதில் காரணமே இல்லை, வேறு யாரையாவது அனுப்பும் என்பதோடு சரி. அப்போதுதான் கடவுளுக்குக் கோபம் மூள்கிறது, மோசேக்காகப் பேச அவருடைய அண்ணன் ஆரோன் உள்ளே வருகிறார். 32-ஆம் அதிகாரத்தில் மக்கள் வணங்கப் பொன் கன்றுக்குட்டியைச் செய்வதும் அதே ஆரோன். இரண்டையும் சேர்த்து வாசித்தால் அந்த மறுப்பின் விலை புரியும்.

ஏசாயா 6-இல் பலர் தடுமாறுவார்கள். 6:5-இல் வரும் 'ஐயோ'வை மறுப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். கட்டளை 6:9-இல்தான் வருகிறது. இன்னும் வராத கட்டளையை எப்படி மறுக்க முடியும்? இந்தக் காட்சிக்கு நெருங்கிய உறவு மோசே அல்ல, 1 இராஜாக்கள் 22:19-22-இல் மிகாயா தீர்க்கதரிசி காணும் பரலோக அவை. அங்கும் சிங்காசனம், அங்கும் இந்த வேலையைச் செய்வது யார் என்ற கேள்வி. பிரசங்கங்கள் பெரும்பாலும் 6:8-இல் 'என்னை அனுப்பும்' என்பதோடு முடிந்துவிடும். தயவுசெய்து 13-ஆம் வசனம்வரை படியுங்கள். மக்கள் உணராமல் போகும்படி பேசு என்ற கொடுமையான கட்டளையைக் கேட்டபின் ஏசாயா கேட்கும் 'எதுவரைக்கும்?' தான் மறுப்புக்கு மிக அருகில் வருவது.

எசேக்கியேல் தன் அழைப்பில் மறுத்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. கடவுள் கொடுத்த சுருளைத் தின்றுவிட்டு, பாபிலோனில் சிறைப்பட்டவர்கள் குடியிருந்த தெலாபீபில் ஏழு நாள் திகைத்து உட்கார்ந்திருக்கிறார்.

யோனாவையும் இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். நினிவேக்குப் போ என்றதும் அவனும் வாய் திறக்காமல், எதிர்த்திசையில் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறுகிறான். ஏன் போக மறுத்தான் என்பதை 4:2 வரை ஆசிரியர் சொல்லாமல் வைத்திருக்கிறார்: கடவுள் நினிவேக்கு இரக்கம் காட்டிவிடுவார் என்று அவனுக்கு முன்பே தெரியும்.