அந்த ஆயிரம் ரூபாய்

அன்புள்ள ஐயா,

எனக்கு நீடாமங்கலம் பக்கத்தில் மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. அதோடு ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு நகைக்கடனை முழுவதும் அடைத்துவிட்டோம். வெளியில் டீ குடிப்பதில்லை. காலையில் பழைய சோறுதான். ஒவ்வொரு நாள் செலவையும் இரவில் நோட்டில் எழுதிவிடுவேன். என் மனைவி எதையும் கேட்கமாட்டாள். அவளுக்கு அரசிடமிருந்து வரும் மகளிர் உரிமைத் தொகையையும் வரவில் சேர்த்துத்தான் குடும்பம் ஓடுகிறது. போன மாதம் பிள்ளைகள் கெஞ்சியதால் கும்பகோணத்தில் ஓட்டலுக்குப் போனோம். 1,140 ரூபாய் ஆயிற்று. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சிக்கனமாக வாழ்கிறவன் வருமானத்தில் எத்தனை பங்கை இப்படிச் சந்தோஷத்துக்கு ஒதுக்கலாம்? பிள்ளைகள் இதனால் கெட்டுவிடுவார்களா? நகைச் சீட்டில் சேரலாமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். டெல்டாவில் மூன்று ஏக்கரை வைத்துக்கொண்டு நகையை மீட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். மாதச் சம்பளக்காரர்களுக்கு இது புரியாது. இங்கே பணம் ஆண்டுக்கு இரண்டு முறைதான் வரும். குறுவை நெல் விற்ற பணம் அடுத்த சம்பா நடவோடு தீர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வயலில் பயிர் நிற்கும், வீட்டில் காசு நிற்காது. அதுவும் மேட்டூர் அணை திறந்தால்தான். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள், வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 அன்று அணை திறக்கவில்லை. நடுவில் 2018 நவம்பரில் கஜா புயல் வந்து உங்கள் பக்கத்தையெல்லாம் புரட்டிப்போட்டது. அந்தக் காலத்தைத் தாண்டி வந்த ஒருவர் டீக்காசை எண்ணினால் அவரைக் கஞ்சன் என்று சொல்ல எவனுக்கும் யோக்கியதை இல்லை.

நகைச் சீட்டு உங்கள் விருப்பம். பிள்ளைகளைப் பற்றிய பயத்தை இன்றே விட்டுவிடுங்கள். எப்போதோ ஒருநாள் ஓட்டலில் சாப்பிட்ட பிள்ளை கெட்டுப்போகாது. பங்கு விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. சில மாதங்களாக நான் மனத்தில் உருட்டிக்கொண்டிருந்த விஷயம் அது. 'என் மனைவி எதையும் கேட்கமாட்டாள்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவர் பணத்தை உங்கள் வரவில் எழுதியிருக்கிறீர்கள்.

என் அத்தையைக் குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா சிக்கனத்துக்குப் பெயர்போனவர். ஊரில் பிள்ளைகளைத் திட்டும்போது அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அவருடைய வெற்றிலை, புகையிலை, கடைத்தெருக் காபி, அங்கே உட்கார்ந்து படிக்கும் பேப்பர் எதுவும் அவர் கணக்கில் செலவாக வராது. வீட்டில் எண்ணெய் சீக்கிரம் தீர்ந்தால் அது செலவு. அத்தைக்குத் தலைவலித் தைலம் வாங்கினால் அது செலவு. அத்தை எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவார். குழம்பு மீந்திருந்தால் உண்டு, இல்லையென்றால் மோரும் ஊறுகாயும். அந்த வீட்டின் சிக்கனம் முழுவதும் அவருடைய தட்டிலிருந்துதான் வந்தது என்பது எனக்கு மீசை முளைத்த பிறகுதான் விளங்கியது.

அவருக்கென்று சிறுவாடு இருந்தது. வரட்டி தட்டி விற்ற காசு, தயிர் விற்ற காசு. உளுந்து டப்பாவுக்குள் ஒரு துணியில் முடிந்து வைத்திருப்பார். ஐப்பசிக் கடைசி நாள், கடைமுகத்துக்கு மாயவரம் துலாக்கட்டத்தில் முழுக்குப் போட அவருக்கு அனுமதி உண்டு. புண்ணிய காரியம் என்பதால் மாமா தடுக்கமாட்டார். ஒருமுறை துணைக்கு என்னை அழைத்துப்போனார். குளித்து, மாயூரநாதரைப் பார்த்துவிட்டு, ஈரப் புடவையோடு நேராக ஓர் ஓட்டலுக்குள் நுழைந்தார். தனக்கு ஒரு நெய் ரோஸ்ட், எனக்கு ஒன்று. பிறகு காபி. அதைக் குடித்து முடித்து இன்னொரு காபி கேட்டார். சர்வர் 'யாருக்கு' என்றார். 'எனக்குத்தான்' என்றார் அத்தை. அவர் குரல் அவ்வளவு உரக்க வந்து நான் கேட்டதில்லை.

வெளியே வந்ததும், மாமாவிடம் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது நண்பரே. ஒரு குடும்பத்தையே நிமிர்த்திவைத்த பெண், தான் சம்பாதித்த காசில் ஒரு காபி குடித்ததைத் திருட்டைப் போல மறைக்க வேண்டியிருந்தது.

இதனால்தான் 2023 செப்டம்பர் 15 அன்று உரிமைத் தொகை தொடங்கியபோது நான் மகிழ்ந்தேன். ஊர் ஊராக இலவசம் இலவசம் என்று பேசினார்கள். அந்தப் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாதம் 1,000 ரூபாய், பெண்ணின் பெயரில், அவருடைய கணக்கில். கேட்டு வாங்க வேண்டாம், உளுந்துக்குள் ஒளிக்க வேண்டாம். சமைத்ததற்கும் துவைத்ததற்கும் மாடு கட்டியதற்கும் இத்தனை காலம் யாரும் கொடுக்காத கூலியில் ஒரு துளி. அதை நீங்கள் நோட்டில் உங்கள் வரவுப் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தைரியத்தில் எழுதினீர்கள்? குடும்பத்துக்குத்தானே போகிறது என்பீர்கள். அது எங்கே போக வேண்டும் என்று அவரை ஒருமுறையாவது கேட்டீர்களா? அவரே அரிசிக்கும் பருப்புக்கும் கொடுக்கலாம், மகள் பெயரில் போடலாம், தன் அம்மாவுக்கு அனுப்பலாம், வளையல் வாங்கலாம். சொல்ல வேண்டியவர் அவர். எதையும் கேட்கமாட்டாள் என்பதைக் குணம் என்று நினைத்துப் பெருமைப்படாதீர்கள். கேட்டுக் கிடைக்காமல் போன பிறகுதான் பல பெண்கள் கேட்பதை நிறுத்துகிறார்கள். உங்கள் வீட்டில் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் கெட்டவர் இல்லை. 1,140 ரூபாய்க்குத் தூங்காமல் கிடந்தவர் கெட்டவராக இருக்க முடியாது. அன்று அந்த மேசையில் உங்கள் மனைவி என்ன சாப்பிட்டார் என்று நினைவிருக்கிறதா? பிள்ளைகள் மிச்சம் வைத்ததையா? இதை அதட்டிக் கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்கிறேன்.

இந்த மாதம் முதல் அந்த ஆயிரத்தை வரவில் எழுதாதீர்கள். அவர் அதை என்ன செய்கிறார் என்று கணக்கும் கேட்காதீர்கள். குடும்பம் ஓடாது என்றால் அவரிடம் கடனாகக் கேளுங்கள். நகைக்கடனைத் திருப்பிக் கட்டியதைப் போலவே அறுவடை முடிந்ததும் அவரிடமும் திருப்பிக் கொடுங்கள்.

எத்தனை பங்கு என்று கேட்டிருந்தீர்கள். பங்கெல்லாம் வேண்டாம். குறுவை அறுத்ததும் ஒருமுறை, சம்பா அறுத்ததும் ஒருமுறை ஓட்டலுக்குப் போங்கள். கடனை அடைத்த வீட்டுக்கு அது தாங்கும். எந்த ஓட்டல், என்ன சாப்பாடு என்பதை உங்கள் மனைவி முடிவு செய்யட்டும், அவருக்கு வேண்டியதை அவர் சொன்ன பிறகு நீங்களும் பிள்ளைகளும் சொல்லுங்கள்.