நான்கே நாளில் மூட்டுவலி போக்கும் சூரணம்: எச்சரிக்கை தேவை

கேள்வி: எனக்கு வயது 58. இரண்டு வருடங்களாக இரு முழங்கால்களிலும் வலி. தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழ முடிகிறது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்றார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ஆஸ்பிரினும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மகன் மீன் எண்ணெய் மாத்திரை அனுப்பியிருக்கிறான். பக்கத்து வீட்டு அக்கா ஒரு மூலிகைச் சூரணம் வாங்கிக் கொடுத்தார். நான்கே நாளில் வலி பறந்துவிட்டது. ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன். இரண்டையும் தொடரலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: சூரணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதுதான் எனக்குக் கவலை தருகிறது. இரண்டு வருட வலியை எந்த மூலிகையும் நான்கு நாளில் இப்படி அடக்குவது அரிது. அவ்வளவு வேகமாக வலி போனால், பொடியில் ஸ்டீராய்டோ டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்தோ கலந்திருக்கிறதா என்று சந்தேகிக்கத்தான் வேண்டும். ‘ஆர்ட்ரி கிங்’ என்று மூட்டுவலிக்கு விற்கப்பட்ட மாத்திரையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக்கும் இருப்பதாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. டப்பாவின் மேல் அந்த இரண்டின் பெயரும் இல்லை.

கன்னங்கள் உப்பியிருக்கின்றனவா? வழக்கத்தைவிடப் பசி எடுக்கிறதா? மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் சர்க்கரை ஏறுகிறதா? லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போகிறதா? இவை ஸ்டீராய்டின் அடையாளங்கள். எதுவும் இல்லை என்பதற்காகக் கலப்படம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதேபோல் பயந்துபோய் நீங்களாகவே சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து வாந்தி, மயக்கம் வரலாம். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நாளையே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்பிரினோடு மறைவான வலி மருந்தும் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியலாம். மலம் கரியதாகப் போனால் நாளைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி மீன் எண்ணெய். மூட்டுவலி எல்லாம் ஒன்றல்ல. காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் வீங்கி, சடை பின்னக்கூட முடியாமல் ஒரு மணி நேரம் விறைத்துக் கிடந்தால் அது பெரும்பாலும் முடக்குவாதம். அங்கே மீன் எண்ணெய்க்கு வேலை இருக்கிறது. மருத்துவர் தரும் மருந்தோடு, அதற்குப் பதிலாக அல்ல, மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பை நாள்தோறும் சுமார் 3 கிராம் அளவில் மூன்று மாதங்களாவது எடுத்துக்கொண்டவர்களுக்கு விறைப்பும் வலி மாத்திரையின் தேவையும் குறைந்தன. உங்களுடையது தேய்மானம். அதில் மீன் எண்ணெயின் பலன் மிகக் குறைவு. 2024இல் ஆஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு இறால் போன்ற சிறு கடலுயிரியிலிருந்து எடுக்கும், ஒமேகா-3 கொண்ட கிரில் எண்ணெயை 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை.

மகன் அனுப்பிய புட்டியைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் 1000 மி.கி. என்று பெரிய எழுத்தில் இருக்கும். பின்பக்கப் பொடி எழுத்தில் இபிஏ 180, டிஎச்ஏ 120 என்று இருந்தால் (இவை இரண்டும்தான் ஒமேகா-3), ஒரு மாத்திரையில் பயன்படும் சரக்கு 300 மி.கி. மட்டுமே. முடக்குவாதத்துக்கான அளவை எட்ட நாளுக்குப் பத்து மாத்திரை விழுங்க வேண்டும். அவ்வளவு அதிக அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் அபாயமும் சற்றுக் கூடுகிறது. ஸ்டென்ட் வைத்திருக்கும் நீங்கள் அந்த வழிக்கே போக வேண்டாம். தினம் ஒன்று என்றால் பெரிய தீங்கில்லை. இதய மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். மீன் சாப்பிடுபவராக இருந்தால் வாரம் இருமுறை மத்தி அல்லது கானாங்கெளுத்திக் குழம்பு வைப்பதையே நான் விரும்புவேன். மூட்டுக்காக என்று சொல்ல மாட்டேன், இதயத்துக்கு நல்லது.

மூலிகைகளில் மஞ்சளுக்கும் சல்லகி மரத்தின் பிசினுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. டாஸ்மேனியாவில் 70 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில் மஞ்சள் சாற்று மாத்திரை முழங்கால் வலியைக் குறைத்தது. மூட்டுக்குள் இருந்த நீர் குறையவில்லை. சமையல் மஞ்சளில் அதன் முக்கியச் சத்தான குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குத்தான் இருக்கிறது, ஆகவே மஞ்சள் பாலில் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. நன்றாக உறிஞ்சப்படுவதற்காக மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கும் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் அவை ஆகாது. ஆஸ்பிரின் எடுக்கும் உங்களுக்கும் என் யோசனை, வேண்டாம் என்பதே. முடக்கத்தான் தோசையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், உணவாக.

தேய்மானத்துக்கு நிச்சயமாகக் கைகொடுப்பது தொடைத் தசைதான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது. வலி மிகும் நாள்களில் பூசும் டைக்ளோஃபினாக் ஜெல் போதுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரையைவிட மிகக் குறைவாகவே அது இரத்தத்தில் கலக்கும். அந்தச் சூரணத்தைப் பக்கத்து வீட்டு அக்காவும் சாப்பிடுகிறார் என்றால், அவரையும் கூடவே அழைத்துப் போங்கள்.